நீல உறைக்குள் என் கையெழுத்து

எனக்குத் தெரியாத விஷயங்களைத் தமிழில் எழுதுவது என் உத்தியோகம். அலுவலகத்துக்கு வரும் ஆங்கிலச் சுற்றறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி தமிழாக்கித் தர வேண்டும். கழிவுநீர்க் குழாய், கோமாரித் தடுப்பூசி, கடலோர மணல் அரிப்பு என்று எது வேண்டுமானாலும் மேஜைக்கு வரும். இவற்றில் எதைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொல் தெரியும். சொல் கையில் இருந்தால் பொருளும் பையில் இருப்பதாக ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. ஐம்பத்திரண்டு வயதுவரை அந்த மிதப்பு யாருக்கும் பெரிய கெடுதல் செய்யவில்லை. நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்ற பெயர் வேறு இருந்ததால், தப்பாகச் சொன்னாலும் வேண்டுமென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

நடந்ததை நண்பர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் மாற்றித்தான் சொல்லிவந்தேன். அந்தக் கதையில் நான் இரண்டு அங்குலம் கூடுதல் உயரமாக இருப்பேன். இங்கே அளந்து எழுதிவிடுகிறேன்.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பெண் இருக்கிறார். நாற்பதை நெருங்குகிறவர். ஊரில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் உட்காரும் கூடத்துக்குள் ஆண் கேமராக்காரர்கள் போக முடியாது. அங்கே எடுப்பது இவர்தான். அவரும் அந்த மக்களில் ஒருவர். கறுப்பு அபாயாவின் மேல் போலீஸ்காரர்கள் கலவரத்துக்குப் போட்டுப் போவது போல ஒரு கவசச் சட்டை. அதிலிருந்து நீளும் உலோகக் கை. அதன் நுனியில் தண்ணீரில் மிதப்பது போல ஆடாமல் மிதக்கும் கேமரா. இடுப்பில் பேட்டரி. குழந்தைகள் அவரை 'ரோபோ மாமி' என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடும்.

கேமராவை ஆடாமல் பிடிக்கும் அந்தக் கருவிக்குக் கிம்பல் என்று பெயர். உள்ளே மூன்று சிறிய மோட்டார்கள். கை இடப்பக்கம் சாய்ந்தால் மோட்டார் வலப்பக்கம் சாய்த்துச் சரிக்கட்டும். அதை வாங்கியபோது கூடவே வந்த ஆங்கிலக் குறிப்பேட்டை நான்தான் அவருக்குத் தமிழாக்கிக் கொடுத்தேன். 'உள்ளீட்டு மின்னழுத்தம் பன்னிரண்டு வோல்ட். உச்ச வரம்பு பதினாறு புள்ளி எட்டு. அதற்கு மேல் கொடுத்தால் கருவி பழுதாகும்.' என் எழுத்துதான். பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதற்குக் 'கொள்ளளவு' என்று எழுதி, அது அரிசி மூட்டை போலத் தொனிக்கிறதே என்று அடித்துவிட்டு, 'கொள்திறன்' என்று திருத்திய அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அவர் அந்தத் தாளை லேமினேட் செய்து தன் வேலை அறையில் மாட்டிவைத்திருந்தார். அதைப் பார்க்கவே சில சமயம் அந்த வீட்டுக்குப் போவேன்.

போன சித்திரையில் ஒருநாள் அவரே வந்தார்.

"அண்ணே, பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் நிக்குது. நடுவுல மாத்தவேண்டி இருக்கு. மாத்தறதுக்கு ஆஃப் பண்ணா, கேமரா தலையத் தொங்கப்போட்டுடுது. மறுபடி நிமித்தி நேர் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. போன வாரம் கருகமணி கட்டற நேரம் பாத்து ஆஃப் ஆயிடுச்சு."

கருகமணி என்பது மணமகளுக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கட்டும் கறுப்பு மணிச் சரம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

"இன்னொரு தடவை கட்டச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொன்னா மாப்பிள்ளையோட அக்கா அதை என் கழுத்துல இறுக்கிக் கட்டியிருக்கும். வெளையாடாதீங்கண்ணே. மூணு மணி நேரம் நிக்கிற மாதிரி ஒரே பேட்டரி வேணும். நீங்கதான் இதெல்லாம் படிச்சவரு."

படிச்சவரு. அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் பின்பக்கம், பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியின் சுவரை ஒட்டி, ஒருவர் தகர ஷெட் போட்டுப் பேட்டரிகள் கட்டித் தருகிறார் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஊருக்கு வெளியே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தவர். இருபது வருடம் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவர். வயலுக்கு மருந்தடிக்கும் மெஷின்களின் பேட்டரி செத்துப்போனால் ஊர்க்காரர்கள் இவரிடம் கொண்டுவருவார்களாம். அப்படித் தொடங்கியது. அவரைத் தேடிப் போனேன்.

"தை மாசம் வேலையை விட்டுட்டேன் சார்," என்றார். "மருந்தடிக்கிற மெஷின் சீசனுக்குத்தான். கேமராக்காரங்க வர ஆரம்பிச்சா வருஷம் பூரா வேலை இருக்கும். இப்பதான் மூணு பேரு வந்திருக்காங்க. ஒருத்தருக்கு நல்லா அமைஞ்சா அவரு பத்து பேர்கிட்ட சொல்வாரு. அதை நம்பித்தான் இறங்கிட்டேன்."

நான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் மாலை உட்கார்ந்து தயாரித்தது. தலைப்பு, உட்தலைப்பு எல்லாம் உண்டு. 'தேவை: மூன்று மணி நேரம் இடையறாது இயங்கும் மின்கல அடுக்கு. மின்கலங்கள்: ஆறு. இணைப்பு முறை: தொடர் இணைப்பு.' கீழே கையெழுத்து, தேதி.

இந்த இடத்தில் நான் எப்படி யோசித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பழைய பேட்டரியில் மூன்று மின்கலங்கள். இரண்டு மடங்கு நேரம் வேண்டுமென்றால் ஆறு. இதுவரை சரி, ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஆறையும் எப்படி இணைப்பது என்பதில்தான் என் படிப்பு உள்ளே புகுந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு இணைப்புகள் சொல்லித்தந்தது நினைவிருந்தது: தொடர் இணைப்பு, பக்க இணைப்பு. எது எதற்கு என்பது மறந்துபோயிருந்தது. சொற்கள் இருக்கின்றனவே, அவற்றிடமே கேட்போம் என்று கேட்டேன். தொடர் என்றால் விடாமல் போவது. தொடர்கதை, தொடர்வண்டி, தொடர் விடுமுறை. எல்லாம் நல்ல சங்கதிகள். பக்கம்? பக்கவாதம். பக்க விளைவு. பக்கவாத்தியம். ஒன்றில்கூட முழு மரியாதை இல்லை. நமக்கு வேண்டியதோ பேட்டரி தொடர்ந்து ஓடுவது. ஆகவே தொடர் இணைப்பு. மொழியறிவு இல்லாத ஒருவனுக்கு இந்தத் தவறு செய்ய வாய்ப்பே இல்லை. அவன் யாரையாவது கேட்டிருப்பான்.

அவர் தாளைப் படித்தார். மறுபடி படித்தார்.

"தொடர்னா சீரிஸ்தானே சார்?"

"தமிழில் தொடர்."

"ஆறையும் சீரிஸ்ல போட்டா வோல்ட் ஏறிடுமே சார். பரவால்லியா? மெஷின் இன்னா மெஷினு?"

"கேமரா மெஷின். ஏறட்டுமே, ஏறினா நல்லதுதானே?"

"இல்ல சார், மெஷின் தாங்குமான்னு..."

"அதுக்கு வந்த புத்தகத்தையே நான்தான் தமிழ்ல எழுதினேன்," என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன், தன்னடக்கமாக.

அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்? புத்தகம் எழுதியவன் எதிரில் நிற்கிறான். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து வாங்கப் போனபோது கடைசிக் கட்டத்தை என் கண் முன்னால் செய்தார். ஆறு கலங்களையும் கட்டியபின், என் தாளை நான்காக மடித்து அதன் மேல் வைத்தார். நீல நிறப் பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாவற்றையும் நுழைத்துச் சூட்டுக்காற்றைக் காட்டினார். உறை சுருங்கிப் பேட்டரியின் தோல் போல ஒட்டிக்கொண்டது.

"தாளை ஏன் உள்ள வெச்சீங்க?"

"எல்லாத்துலயும் வைப்பேன் சார். நாளைக்கு எவனாவது பிரிச்சா, இன்னா கேட்டாங்க, இன்னா போட்டேன்னு தெரியணும்ல."

நல்ல பழக்கம் என்று பாராட்டினேன். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு முறை இருந்தால் பாதிப் பேருக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்காது என்று ஒரு நகைச்சுவையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்குக் கல்யாண மண்டபத்திலிருந்து போன் வந்தது. பின்னால் பெண்கள் கூடத்தின் இரைச்சல்.

"அண்ணே, சொருகினேன், டப்புன்னு ஒரு சத்தம். கருகின வாசனை. கிம்பல் செத்துடுச்சு. யா அல்லா, பொண்ணை அழைச்சிட்டு வர்றாங்க, நான் இன்னாண்ணே பண்ணுவேன்?"

"பேட்டரியைக் கழட்டுங்க," என்றேன்.

"கழட்டிட்டேன். அப்புறம்?"

அப்புறத்துக்கு என்னிடம் சொல் இல்லை. அவர் வைத்துவிட்டார்.

என் கணினியில் அந்தக் குறிப்பேட்டின் தமிழாக்கம் இருந்தது. திறந்து பார்த்தேன். உச்ச வரம்பு பதினாறு புள்ளி எட்டு. பரணில் மகளின் பழைய அறிவியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 'தொடர் இணைப்பில் மின்னழுத்தங்கள் கூடும். பக்க இணைப்பில் மின்னழுத்தம் மாறாது, கொள்திறன் கூடும்.' கொள்திறன். என்னுடைய அந்தச் சொல்லை எனக்கு முன்பே ஒருவர் போட்டிருந்தார். முழுச் சார்ஜில் ஒரு கலம் நாலு வோல்ட்டும் கொஞ்சமும். மூன்று சேர்ந்தால் பன்னிரண்டரை, கருவிக்குச் சரி. ஆறும் வரிசையாக நின்றால் இருபத்தைந்து.

மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க தேடறீங்க பரண்ல?"

"ஒரு சொல்."

"ட்யூப்லைட் மாத்தறதுக்கு ஆள் கூப்பிடற மனுஷன், பேட்டரிக்கு யோசனை சொல்லப் போனாரு. அப்பவே நினைச்சேன்," என்றாள். கிம்பல் செத்ததைப் பற்றி அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. என் முகம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மாலையில் அந்தப் பெண் வந்தபோது, ஆக, எனக்கு எல்லாம் தெரியும். அதை மறைக்க இடமில்லை. அவருடைய வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. கிம்பல் இல்லாமல் அந்தக் கனத்த கேமராவை மூன்று மணி நேரம் கையிலேயே பிடித்து எடுத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கோபம் எதுவும் காட்டவில்லை. "எதனாலண்ணே ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்னேன்: "இணைப்புலதான் ஏதோ தப்பு போலிருக்கு. அவரு மாத்திப் போட்டுட்டாரு போல."

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பொய்யாகிவிடாமல் காப்பாற்ற அந்தப் 'போல' இருக்கிறது என்று அப்போது தோன்றியது. அலுவலகத்தில் முப்பது வருடமாக இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எல்லோரும் வீடு திரும்புகிறோம்.

"மாத்திட்டாரா?" என்றார் அவர். "தெரியாத வேலையை ஏன் எடுக்கறாங்க?"

நான் தலையாட்டினேன். ஆட்டியது வெறும் தலைதான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மறுநாள் ஊரின் வீடியோக்காரர்கள் குழுவில் அவர் ஒரு குரல் செய்தி போட்டார். எனக்கும் அனுப்பினார். மேட்டுப்பாளையத்தில் இன்ன இடத்தில் பேட்டரி கட்டுகிறவரிடம் யாரும் போகாதீர்கள், என் கிம்பல் போய்விட்டது, இணைப்பே தெரியாமல் கட்டித்தருகிறார். நிதானமாக, வசை எதுவும் இல்லாமல் பேசியிருந்தார். அதனால் இன்னும் நம்பும்படி இருந்தது.

பிறகு வந்த நாட்களில் நான் மிக நல்லவனாக மாறினேன். கிம்பலைச் சென்னைக்கு யார் எடுத்துப்போவது என்று அவர் யோசித்தபோது, நானே போகிறேன் என்றேன். லீவு போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய்ச் சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தேன். உள்ளே இருந்த போர்டு முழுக்கக் கருகியிருக்கிறது, மாற்ற ஒரு மாதம் ஆகும் என்றார்கள். திரும்பி வந்ததும் அவருடைய அம்மா எனக்கு நன்னாரி சர்பத் கொடுத்து, "உங்கள மாதிரி ஒருத்தரு பக்கத்துல இருக்கறது ஆண்டவன் குடுத்தது" என்றார்.

பேட்டரி அவர் அறையில் ஷெல்ப்பில் இருந்தது. லேமினேட் செய்த என் தமிழாக்கத்துக்கு நேர் கீழே. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதிக் கேட்டதை அது ஒழுங்காகச் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நீல உறைக்குள் நான்காக மடிந்து என் கையெழுத்து.

"அதைக் குடுங்கம்மா, நான் தூரப் போட்டுடறேன்," என்றேன் ஒருநாள். "பேட்டரியெல்லாம் குப்பையில போடக் கூடாது. சுற்றுச்சூழல்."

"இருக்கட்டும்ண்ணே. அவர்கிட்டயே கொண்டுபோய்க் குடுத்து, ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு நேர்ல கேக்கணும். நீங்களும் வாங்க. நான் கேட்டா டெக்னிக்கலா ஏதாவது சொல்லி மடக்கிடுவாரு."

கிம்பல் திரும்பி வந்த வாரம் ஒரு சனிக்கிழமை காலை போனோம். அவர் கேமராவும் கிம்பலும் இருந்த பையோடு ஸ்கூட்டரில் முன்னால், நான் என் வண்டியில் பின்னால். வழுதாவூர் ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் என் வண்டி நின்றுவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். இருபது வருடத்துப் பழைய வண்டி. அன்றைக்கென்று ஒருதடவைகூட இருமவில்லை.

ஷெட்டில் மருந்தடிக்கும் மெஷின்கள் இரண்டு திறந்து கிடந்தன. கேமராப் பேட்டரிகளுக்கென்று ஒதுக்கியிருந்த மேஜையில் ஒன்றும் இல்லை. யாரோ சாப்பாட்டுக் கேரியரை வைத்திருந்தார்கள். ஆணியில் கம்பெனிச் சட்டை ஒன்று துவைத்து மாட்டியிருந்தது. பேட்டரிக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அந்தப் பெண் பேட்டரியை மேஜைமேல் வைத்தார். "இதுதாங்க. இதைச் சொருகித்தான் என் மெஷின் போச்சு. நான் உங்கள இன்னா பண்ணேன்? பன்னெண்டு வோல்ட் போற மெஷினுக்கு இப்படியா குடுப்பீங்க?"

பேட்டரிக்காரர் மீட்டரை எடுத்து இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தார். இருபத்து நான்கு சொச்சம் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெறும் பார்வைதான். குற்றம் எதுவும் சொல்லவில்லை.

"தப்புதாம்மா," என்றார். "மெஷினைக் கண்ணால பாக்காம குடுத்திருக்கக் கூடாது. நான் குரூப்ல வந்ததைக் கேட்டேன். அதுக்கப்புறம் கேமராக்காரங்க யாரும் வரல. மூணு பேரு குடுத்திருந்த ஆர்டரையும் வேணாம்னுட்டாங்க. ஒண்ணாந்தேதியிலேர்ந்து கம்பெனிக்கே வரச்சொல்லி இருக்காங்க, போயிடலாம்னு இருக்கேன்."

பிறகு பிளேடை எடுத்தார். நீல உறையின் ஓரத்தில் வைத்தார்.

"பிரிக்கட்டுமா சார்?"

கேள்வி எனக்கு. அவர் கேட்டதில் மிரட்டல் எதுவும் இல்லை. ஒரு டெய்லர் 'தளர்த்தட்டுமா சார்' என்று கேட்பது போலத்தான் கேட்டார். பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த ஷெட்டில் இரண்டு பேருக்குத் தெரியும்.

"வேணாம்," என்றேன். "எதுக்கு இனிமே?"

அவர் பிளேடை வைத்துவிட்டார். "டீ வாங்கிட்டு வந்துடறேன்," என்று வெளியே போனார். போகவேண்டிய அவசியம் இல்லாமல் போனார் என்பது எனக்குப் புரிந்தது.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே வேணாம்னீங்க?"

"இல்ல, அதுல ஒண்ணும்..."

"அண்ணே. நான் மூஞ்சியப் பாத்துப் பொழைக்கிறவ. எந்த மாமியாருக்கு மருமகளப் புடிக்கலன்னு கேமரா வழியா முதல் பத்து நிமிஷத்துல சொல்லிடுவேன். அவரு 'பிரிக்கட்டுமா'ன்னு உங்கள ஏன் கேட்டாரு? பேட்டரி என்னுது."

சொன்னேன். தாள், தொடர், பக்கம், அவர் கேட்டது, நான் 'ஏறட்டுமே' என்றது, பரண், புத்தகம், 'போல' எல்லாம். பக்கவாதம், பக்கவாத்தியம் என்று வந்தபோது அந்தப் பழக்கதோஷத்தில் கொஞ்சம் சுவையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"பக்கம்னா உங்களுக்கு அவ்ளோ எளப்பமா?" என்றார். "பொம்பளைங்க பக்கத்துலதான் நான் பதினாலு வருஷமா வேலை செய்யறேன்."

பக்கத்துக் கம்பெனியில் மெஷின் ஒரு குடத்தைத் துப்பும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் அதை வைத்துக்கொண்டு நான் சமாளித்திருப்பேன். "அந்த மனுஷனப் பத்தி நான் அத்தனை பேர்கிட்ட சொன்னேனேண்ணே. என் வாயால," என்றார். அவ்வளவுதான்.

டீ வந்தது. மூன்று பேப்பர் கப். அந்தப் பெண் தன்னுடையதை எடுக்காமல் தன் போனை எடுத்தார். குழுவைத் திறந்தார். என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சொல்லுங்க."

"வேணாம்மா," என்றார் பேட்டரிக்காரர். "சாரு பெரிய மனுஷன்."

"அதனாலதான்," என்றார் அவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "வணக்கம் நண்பர்களே. தமிழுக்கும் மின்சாரத்துக்கும் இடையே அண்மையில் நடந்த ஒரு சிறு விபத்தைப் பற்றி..."

அவர் விரலை எடுத்தார். அழித்தார். "சிரிப்பு வேணாம்ண்ணே. மறுபடி."

கல்யாணத்தில் மாலையைச் சரியாகப் போடாத மாப்பிள்ளையிடம் சொல்கிற அதே குரல்.

"வணக்கம். மின்கல இணைப்பு தொடர்பாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது. புரிதலில் ஏற்பட்ட குழப்பத்தால்..."

"யாருக்கு நேர்ந்துச்சு? தானா நேர்ந்துச்சா?" அழித்தார். "தூய தமிழ் வேணாம். எனக்குச் சொன்னீங்கல்ல, அப்படிச் சொல்லுங்க."

பேட்டரிக்காரர் சுவரில் மாட்டியிருந்த கம்பெனிச் சட்டையைப் பார்த்தபடி நின்றார். எனக்காக அவர் கூசிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது தடவை சொன்னேன். "பேட்டரியை எப்படிக் கட்டணும்னு எழுதிக் குடுத்தது நான். தப்பா எழுதினேன். அவரு வோல்ட் ஏறும்னு சொன்னாரு, மெஷின் தாங்குமான்னு கேட்டாரு. நான் கேக்கல. மெஷின் போனப்புறம் அவருதான் மாத்திப் போட்டாருன்னு பொய் சொன்னேன். அவரு எழுதினபடிதான் கட்டினாரு. வேலை சுத்தமான வேலை."

அரை நிமிடம்கூட இல்லை. ஒரு கருகமணி கட்டும் நேரம். அவர் அதை அனுப்பிவிட்டுத்தான் டீயை எடுத்தார்.

அதன்பின் பேட்டரிக்காரர் உறையைப் பிரித்தார். தாள் கொஞ்சமும் கசங்காமல் இருந்தது. அந்தப் பெண் வாங்கி, உட்தலைப்புகள் உட்பட, முழுவதும் படித்தார். "எழுத்து அழகா இருக்கு," என்றார்.

ஆறு கலங்களையும் பேட்டரிக்காரர் மேஜையில் பரப்பினார். புதிதாக எதுவும் வேண்டாம், இதே ஆறுதான், அடுக்குவதுதான் வேறு என்றார். "உங்க வீட்டு மாடியில தண்ணி டேங்க் இருக்குல்ல சார். ரெண்டாவது டேங்க் வாங்கி அதே தரையில பக்கத்துல வெச்சுப் பைப்பைச் சேத்துட்டா, கீழ குழாயில தண்ணி அதே வேகம்தான். ஆனா ரெண்டு மடங்கு நேரம் வரும். அதையே கம்பம் நட்டு மொத டேங்குக்கும் மேல தூக்கி வெச்சா வேகம் ஏறும். பாத்ரூம் குழாய் தெறிச்சுடும். நாம தெறிக்க விட்டோம்." 'நாம' என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மூன்று மூன்றாக இரண்டு வரிசை, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து இணைத்தார். மீட்டரில் பன்னிரண்டு சொச்சம் காட்டியது. கிம்பலை அங்கேயே சொருகிப் பார்த்தோம். கேமரா தலை நிமிர்ந்து, இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, அசையாமல் நின்றது.

"தாள் எழுதிக் குடுங்க சார்," என்றார்.

"நானா?"

"கேட்டவங்கதான் எழுதணும்."

எழுதினேன். 'ஆறு செல். மூணு மூணா ரெண்டு வரிசை. பக்க இணைப்பு. பன்னெண்டு வோல்ட்.' உட்தலைப்பு இல்லை. அவர் வாங்கிச் சத்தமாகப் படித்து, "நிச்சயமா சார்?" என்று கேட்டார். இந்த முறை நான் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்றேன். அவர் அதை மடித்து வைத்தார். அதன் கீழே பழைய தாளையும் மடித்து வைத்தார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"முன்னாடி இன்னா இருந்துச்சுன்னும் தெரியணும்ல சார்."

சூட்டுக்காற்றைக் காட்டினார். புது நீல உறை சுருங்கி ஒட்டிக்கொண்டது.

குழுவில் என் குரலுக்குக் கீழே ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். இன்னொருவர், இவர் எழுதும் கட்டுரைகளைவிட இது நன்றாக இருக்கிறது என்றார். மூன்று ஆர்டர்களில் இரண்டு திரும்பி வந்தன. மூன்றாமவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டாராம். ஒண்ணாந்தேதி காலை அலுவலகம் போகும் வழியே இல்லாத மேட்டுப்பாளையம் வழியாக அலுவலகம் போனேன். ஷெட் திறந்திருந்தது. உள்ளே வெல்டிங் பொறி தெரிந்தது. வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன சொல்வது?

ஆவணியில் அலுவலக நண்பரின் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனேன். ஆண்கள் பக்கத்தில் பிரியாணிப் பந்திக்குக் காத்திருந்தபோது, பெண்கள் கூடத்துத் திரைச்சீலை விலகியது. கவசச் சட்டையும் உலோகக் கையுமாக அவர் வெளியே வந்தார், பின்னால் நாலைந்து குழந்தைகள். மணிக்கட்டில் இன்னும் ஒரு பட்டை சுற்றியிருந்தது. இடுப்பில் நீலமாக அந்தப் பேட்டரி. மண்டபத்தில் அத்தனை பேர் நடுவே என் இரண்டு தாள்களும் அவரோடு நடந்துகொண்டிருந்தன.

என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றேன். பேட்டரியைக் கேட்டேனா, கையைக் கேட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பக்கமாதான் போட்டிருக்காரு," என்றார். "தொடர்ந்து ஓடுதுண்ணே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், என்ன ஜோக், எங்களுக்கும் சொல்லுங்களேன் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.